அறுந்து விழுந்த கம்பி

அஜந்தன் இயற்கை எய்தினான் என்று சந்தியில் பேனர் கட்டியிருந்தார்கள்.

கேகாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய விஜயகலா, தூறலில் குடையை விரிக்கவும் மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். முகம் பரந்து, காது இரண்டும் விரிந்து, யாரோ ஒருவனைப் போல இருந்தான் அவள் புருசன். தலையைச் சுற்றி ரோஜாப்பூ. கீழே இரண்டு மெழுகுதிரி. 'இயற்கை எய்திய எமது அன்புச் சகோதரனுக்குக் கண்ணீர் அஞ்சலி. கீழ்ப் பிரிவு தோட்ட மக்கள்.'

அவன் செத்து அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

எந்த இயற்கை? அவனுக்கு வயது முப்பத்தொன்பது. விடியக்காலை மலையேறி இருநூற்றைம்பது இறப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கி, பின்னேரம் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளோடு பந்தடித்த உடம்பு அது. இயற்கையை எய்த அவனுக்கு இன்னும் நாற்பது வருசம் கிடந்தது.

"இயற்கையாம்" என்றாள் விஜயகலா சத்தமாகவே. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பாவம் என்ற முகத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவனைக் கொன்றது கம்பி. லயத்துக்கு வரும் கரண்டில் கொக்கி மாட்டி, தோட்டத்து எல்லை வரை முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டிய வெறும் கம்பி. அதைக் கட்டியவன் அஜந்தனின் கூடப்பிறந்த தம்பி ஸ்ரீதரன். கீழ்ப் பிரிவில் இருபத்திரண்டு குடும்பம்; இருபத்திரண்டுக்கும் இது தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கிராமத்து மரவள்ளித் தோட்டம். மரவள்ளிக்குக் காட்டுப்பன்றி வரும். இறப்பர் ஸ்டோரில் புகைக்கூட்டு வேலை பார்த்த ஸ்ரீதரன், மூன்று வருசமாக வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அந்தக் கம்பியைப் போட்டு வந்தான். பொழுது சாய்ந்ததும் கொக்கியை மாட்டுவான். விடியக்காலை ஐந்தேகாலுக்குக் கழற்றிவிடுவான். ஐந்தரைக்குத்தான் பெரட்டு, ஆட்கள் பெயர் கொடுத்து மலையேறும்போது கம்பியில் உயிர் இருக்காது.

இந்த வேலையை லயத்தில் யாரும் அதன் பெயரால் சொன்னதில்லை. கம்பி என்றோ கரண்ட் என்றோ ஒருவர் வாயிலும் வராது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒருத்தி மற்றவளிடம், "இன்னைக்குப் பூசை இருக்காம்" என்பாள். உடனே பிள்ளைகளையும் நாய்களையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். மறுநாள் சேம்பிலையில் சுற்றி வீட்டுக்கு வீடு வரும் இறைச்சிக்குப் பெயர் காட்டுக் கிழங்கு. "கெழங்கு நல்லா அவிஞ்சுச்சா?" "எங்க, ஒரே கொழுப்பு!" என்று சிரித்துக்கொள்வார்கள். பிடிபட்டால் மறியல்தான், ஜெயில்தான் என்று பயந்த காலத்தில் வைத்த பெயர்கள் அவை. பயம் போய்விட்டது, பெயர்கள் தங்கிவிட்டன. பெயர் நல்லதாக இருக்கவே காரியமும் நல்லதைப் போல ஆகிவிட்டது.

விஜயகலாவும் பூசை என்றுதான் சொன்னாள். அவளும்தான் மிளகு தூக்கலாகப் போட்டுக் கிழங்கு ஆக்கினாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மற்றவர்கள் மேல் வரும் கோபம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவள் நெஞ்சிலேயே விழும். விழுந்தாலும் குறையாது.

அந்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட ஏலாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் விழாமல் மரத்தோடு வழிந்துவிடும். நாலாம் நாள் வானம் வெளித்தது. மறுபடியும் மழை வருமுன் வேலையை முடிக்க வேண்டும் என்று, நாளைக்குப் பெரட்டு அரை மணி முந்தி, ஐந்து மணிக்கே, என்று கணக்கப்பிள்ளை பால்வெட்டு ஆட்களுக்கு மட்டும் சொல்லியனுப்பினார். ஸ்ரீதரன் அப்போது ஸ்டோரில் இருந்தான். வந்தவனிடம் யாரும் சொல்லவில்லை. கம்பி என்று பேசிப் பழகியிருந்தால், "டேய், நாளைக்கு வெள்ளன ஆளு போகுது, கம்பியக் கழட்டிரு" என்று யாராவது ஒருவருக்கு வாயில் வந்திருக்கும். பூசைக்கும் பெரட்டுக்கும் என்ன சம்பந்தம்? அன்று பீலியடியில் பூசை என்று கேட்டவர்களில் விஜயகலாவும் ஒருத்தி. விடியக்காலை ரொட்டியைச் சுற்றிக் கொடுத்து, "சீக்கிரம் போங்க, நேரம் போகுது" என்று புருசனைத் தள்ளியனுப்பியவளும் அவள்தான்.

அஜந்தனின் மரங்கள்தான் எல்லைக்குப் பக்கத்தில். ஐந்து பத்துக்கு அவன் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான்.

ஆறு மணிக்குப் பாண் ரொட்டி விற்க ஓட்டோவில் வந்த றிஸாத், பாண் தட்டுகளை அப்படியே இழுத்து ரோட்டோரப் புல்லில் போட்டுவிட்டு அவனை ஏற்றிக்கொண்டான். விஜயகலா பின்னால் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் றிஸாத், "கண்ணத் தொறந்தாரா அக்கா? தொறந்தாரா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் வந்து பார்த்த நர்ஸ் சிங்களத்தில், "அனே, பவ்", ஐயோ பாவம், என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே விஜயகலாவுக்கு விளங்கிவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் லயத்தில் என்ன நடந்தது என்பதை அவளுக்குச் சொன்னது அவள் மகள் ஷாமிளா. பதின்மூன்று வயது. லயத்துக்காரர்கள் அவளிடம், "அப்பா சாமிக்கிட்டப் போயிட்டாரும்மா" என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலச் சொல்லியிருந்தார்கள்.

"கம்பி அறுந்து விழலம்மா" என்றாள் ஷாமிளா. "நான் பீலிக்கிட்ட நின்னு பாத்தேன். சித்தப்பா அந்தக் கம்பியச் சுத்தி எடுத்துக்கிட்டு ஓடுனாரு. பொறவு தலைவர் மாமா தடியால போஸ்டுக் கம்பிய இழுத்துக் கீழ விழுத்திட்டு, 'யாரும் தொடாதீங்க, பொலிஸ் வரட்டும்'னு சொன்னாரு."

தலைவர் என்பது கந்தையா. சங்கத்தின் தோட்டத் தலைவர். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மனுசன். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் அவர்தான் முன்னால் நின்றார். திடீர் மரண விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்கக் கேட்க, கந்தையா கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். மழை, காற்று, அறுந்து விழுந்த கம்பி, இருட்டு, மிதித்துவிட்டார், துரதிர்ஷ்டம். அதிகாரி எழுதி முடித்து, மனைவிக்கு வாசித்துக் காட்ட வேண்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சேர், அவுங்க மயக்கமா இருக்காங்க" என்றார் கந்தையா.

விஜயகலா மயக்கமாக இல்லை. விறைத்துப்போயிருந்தாள். சிங்களம் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. சாதாரண தரம் வரை படித்தவள், லயத்தில் பாதிப் பேருக்குக் கடிதமும் விண்ணப்பமும் எழுதிக் கொடுப்பவள், தனக்கு விளங்காத ஒரு தாளில் வடிவான தமிழில் கையெழுத்து வைத்தாள்.

அடக்கத்தன்று முதல் பிடி மண்ணைப் போட்டவன் ஸ்ரீதரன். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் தம்பிதான் போட வேண்டும். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். பொய்யழுகை என்று விஜயகலாவால் சொல்ல முடியவில்லை. அண்ணன் மேல் உயிராக இருந்தவன்தான். அதனால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. வாயைத் திறந்து "நான்தான் அண்ணி" என்று ஒரு சொல் சொல்லாமல், அழுது தீர்த்துவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்கிறானே.

அவன் மட்டுமா? துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். "நேரம்." "விதி." "அவரு கொடுத்து வச்சது அவ்வளவுதான்." "நடந்தது நடந்துபோச்சு." நடந்ததாம். யாரும் எதுவும் செய்யவில்லை. அது தானாக நடந்து வந்து, நடந்து போய்விட்டது. கம்பி தானாக அறுந்தது, தானாக விழுந்தது, அஜந்தன் தானாகப் போய் மிதித்தான். ஒவ்வொருவரும் அவளுடைய கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, அவன் மேல் இன்னொரு பிடி மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

பேனரைப் பார்த்துவிட்டு வந்த அன்று பின்னேரம், அவள் மாமியார் அழகம்மாவிடம் நேராகக் கேட்டாள். அழகம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். மூத்த மகன் போன நாளிலிருந்து அவள் பாயில் படுத்ததே இல்லை.

"அத்தே, சந்தியில என்னா எழுதியிருக்குன்னு தெரியுமா? ஒங்க மகன் இயற்கையா செத்தாராம்."

"எழுதுனா எழுதிட்டுப் போறானுங்க. நீ சாப்புட்டியா?"

"பொலிஸ்ல என்னை இன்னொருக்கா வரச் சொல்லியிருக்காங்க. இன்னம் ஒரு வாக்குமூலம் எடுக்கணுமாம். நான் இந்தவாட்டி உள்ளதச் சொல்லப் போறேன்."

அழகம்மா எழும்பவில்லை. அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினாள், வெளியே இழுத்தாள், மறுபடியும் தள்ளினாள்.

"எனக்கு ரெண்டு ஆம்பளப் புள்ள" என்றாள் கடைசியில். "ஒண்ணு இல்ல. மத்ததையும் கூட்டிட்டுப் போகச் சொல்றியா? போன உசுரு வருமா விஜயா? அவன் வேணும்னா செஞ்சான்? அவன் தலைவிதி அப்படி ஆகிப்போச்சு."

"கம்பி போட்டது தலைவிதியா?"

"மெல்லப் பேசு."

"ஏன் மெல்லப் பேசணும்? செத்தது என் புருசன்."

"என் மவன்டீ அவன்!" என்று அழகம்மா கத்தினாள். பிறகு வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் ஆடுவதை விஜயகலா பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு மகன்களுக்கும் நடுவில் கிடந்து அந்தப் பொம்பிளை நசுங்குவது தெரிந்தது. தெரிந்ததால்தான் அன்றைக்கு அவள் விட்டுக்கொடுத்தாள்.

"சரி அத்தே. நான் வாயத் தொறக்கல. ஆனா அந்தக் கம்பி இனி இந்தத் தோட்டத்துல இருக்கக் கூடாது. பதினாறு முடிஞ்சதும் அவரு மரத்த எனக்குத்தான் தருவாங்க. விடியக்காலையில அந்த வழியால ஏறப் போறவ நான். என் பின்னால இந்த லயத்துப் பொம்பளைங்க பத்துப் பேரு ஏறுவாங்க. ஒங்க மகன வந்து சொல்லச் சொல்லுங்க."

ஸ்ரீதரன் வந்தான். வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "இனி அந்த வேலை இல்லண்ணி. அம்மா மேல சத்தியம்" என்றான். அப்போதும் என்ன வேலை என்று அவன் சொல்லவில்லை. அவளும் விட்டுவிட்டாள். பொலிஸுக்குப் போனாள், முன்பு சொன்னதுதான் என்றாள், இரண்டாவது தாளிலும் கையெழுத்து வைத்தாள். திரும்பி வரும்போது பேனரைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டு நடந்தாள்.

கருமாதி நடந்தது. சங்கத்திலிருந்து வந்த ஒருவர் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று அரை மணி நேரம் பேசினார். அதற்கு அடுத்த நாள் கணக்கப்பிள்ளை அவளைக் கூப்பிட்டு, நாளை மறுநாளிலிருந்து அஜந்தனின் மரங்களை அவள் வெட்டலாம் என்று சொன்னார். வேலை அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அப்பன் வீட்டிலிருந்து நான்கு வருசம் வெட்டியவள்தான். கத்தியை எடுத்துத் தீட்டி வைத்தாள்.

பதினெட்டாம் நாள் பொழுது சாயும் நேரம். பாண் ஓட்டோவின் பாட்டுச் சத்தம் ரோட்டு வளைவில் கேட்டது. விஜயகலா பீலியில் வாளியை வைத்துவிட்டு நின்றாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பேச்சாயி தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, சாதாரணமாக, மழையைப் பற்றிப் பேசுவதைப் போலச் சொன்னாள்:

"ஏ விஜயா, ஷாமிளாவ வெள்ளன உள்ள கூப்பிட்டுக்க. இன்னைக்குப் பூசை இருக்காம்."

விஜயகலாவுக்குக் காதில் விழுந்தது. உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னா இருக்காம்?"

"பூசைடி. கிராமத்துப் பக்கம் யாருக்கோ கலியாணமாம். கெழங்கு கேட்டிருக்காங்களாம். எனக்கு என்னா தெரியும், சொன்னாங்க, சொல்றேன்." பேச்சாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

பீலியடியில் இருந்த நாலைந்து பெண்களும் தண்ணீரையே பார்த்தார்கள். வாளி நிரம்பி வழிந்தது. விஜயகலா அதை எடுக்கவில்லை.

கோபம் என்றால் சூடாக இருக்கும் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். இது குளிர்ந்து கிடந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவன் மேல் போட்ட மண் இன்னும் அமுங்கவில்லை. தாயின் மேல் செய்த சத்தியமும் ஒரு சொல்தான். இவர்களுக்குச் சொற்கள் எல்லாம் மூடி போடத்தான்.

அவள் வீட்டுக்குள் போனாள். அஜந்தனின் நெற்றி லைட்டைத் தலையில் மாட்டினாள். கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் அழகம்மா. "பொழுது போன நேரத்துல எங்க போற?"

"மரத்தப் பாக்க. நாளைக்கு வெட்டணும்ல. எது எந்த மரம்னு தெரிய வேணாமா?"

"காலையில பாத்துக்கலாம்."

"இப்ப பாத்தா என்னா?"

அழகம்மாவின் முகம் மாறியது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. விஜயகலா அவளைக் கடந்து, லயத்துக்குப் பின்னால் மலைக்குப் போகும் பாதையில் நடந்தாள். பேச்சாயி ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் கந்தையா பெனியனோடு வந்து நின்றார். பின்னால் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. றிஸாத் பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு கையில் பாணும் ஒரு கையில் பையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விஜயாம்மா" என்றார் கந்தையா, நோயாளியிடம் பேசும் குரலில். "பாதை சரியில்ல. மழை பேஞ்சு கிடக்கு. வழுக்கும்."

"வழுக்கி விழுந்தா எந்திரிச்சுக்கிறேன் தலைவரே."

"பாம்பு பூச்சி இருக்கும்."

"பாம்பா இருக்கு? பாம்புன்னா பாம்புன்னு சொல்லுங்க. நின்னுர்றேன்."

அவர் பாதையை மறித்துக் கையை விரித்தார்.

"அட்டை கிட்டை..." என்று பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள்.

"பதினெட்டு நாளா என் ரெத்தத்த நீங்க எல்லாம் குடிச்சீங்க, அட்டை குடிச்சாத்தான் குறையப் போகுதா? சொல்லுங்க. என்னா இருக்கு அங்க? ஒரே ஒரு வார்த்தை. யாராச்சும் ஒராள் சொல்லுங்க, நான் திரும்பிர்றேன்."

இருபத்திரண்டு குடும்பம். ஒரு குழந்தை இருமியது. அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லன்னா நான் போறேன்."

கந்தையாவைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினாள். லைட்டின் வெளிச்சம் இறப்பர் மரங்களில் விழுந்து விழுந்து நகர்ந்தது. எல்லை நூறடிக்குள்தான். தான் மிரட்டுகிறாளா, உண்மையாகவே போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் அம்மா என்று கூப்பிடுவது கேட்டது. கால் நிற்கவில்லை. நின்றால் மறுபடியும் எல்லாம் மெத்தென்று மூடிக்கொள்ளும். நாளைக்கோ மறுநாளோ இன்னொருத்தியை இயற்கை எய்த வைப்பார்கள்.

பக்கவாட்டில் புதரைப் பிய்த்துக்கொண்டு ஸ்ரீதரன் ஓடி வந்தான்.

"அண்ணி, நில்லுங்க."

"ஏன்?"

"நில்லுங்கண்ணி. ஒரு நிமிசம். நான் போயி..."

"போயி?"

"போயி ஒரு வேலை... முடிச்சுட்டு வந்துர்றேன்."

"என்னா வேலைடா?"

அவன் வாய் திறந்து திறந்து மூடியது. அவள் நெற்றி லைட்டின் வெளிச்சம் அவன் கண்ணில் விழுந்து கூசியது. கையால் மறைத்துக்கொண்டான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு முன்னே நடந்தாள். முப்பதடி. இருபதடி.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அழகம்மா தலைமுடி அவிழ, செருப்பில்லாமல், மேட்டில் விழுந்து எழும்பி வந்துகொண்டிருந்தாள்.

"கம்பிடி! கம்பி இருக்குடி! கரண்ட் கம்பி! என் மவன் போட்ட கம்பி! பெரியவனத் தின்ன கம்பி! அடி நில்லுடி பாவி, போகாதடி!"

விஜயகலா நின்றாள்.

மலை முழுக்க அந்தச் சொல் கேட்டது. லயத்தில் ஒருவரும் அசையவில்லை. பெற்றவள் சொன்னதை இனி யாரும் பூசை என்று மாற்ற முடியாது. அழகம்மா பாதையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணில் அடித்து அடித்து அதையே சொன்னாள். "என் மவன் என் மவனக் கொன்னுட்டான். என் மவன் என் மவனக் கொன்னுட்டான்."

ஸ்ரீதரன் திரும்பி, கொக்கி மாட்டிய போஸ்டைப் பார்த்து ஓடப் போனான். "கழட்டிர்றேன்மா, கழட்டிர்றேன்."

"கை வைக்காத!" என்று விஜயகலா கத்தினாள். கத்தி அவள் கையில் இருந்தது. அது அவளுக்கு ஞாபகமில்லை. அவனுக்குத் தெரிந்தது. நின்றுவிட்டான். "அப்படியே இருக்கட்டும். போன தடவ சுருட்டிக்கிட்டு ஓடுன. இந்தத் தடவ வந்து பாக்கட்டும். றிஸாத்!"

"அக்கா."

"பொலிஸுக்குப் போயி கூட்டிக்கிட்டு வா."

கந்தையா றிஸாத்தின் தோளில் கை போட்டார். "தம்பி, இது எங்க தோட்டத்துக்குள்ள இருக்கிற சின்ன மனஸ்தாபம். நீங்க யாவாரத்தப் பாருங்க."

றிஸாத் அந்தக் கையை எடுத்துவிட்டான். "அண்ணன என் வண்டியிலதான் ஏத்துனேன் தலைவரே. அன்னைக்கு என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. நானும் எனக்கென்னான்னு இருந்துட்டேன்." பாண் பையைப் பேச்சாயியின் கையில் திணித்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

முக்கால் மணி நேரம் விஜயகலா அந்தப் பாதையை மறித்துக்கொண்டு நின்றாள். ஷாமிளா வந்து அவள் பக்கத்தில் நின்றாள். போகச் சொல்லியும் போகவில்லை. யாரும் கிட்ட வரவில்லை, யாரும் வீட்டுக்குள் போகவும் இல்லை. ஸ்ரீதரன் ஓட நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம். தாய்க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான். ஒருமுறை நிமிர்ந்து, "அண்ணி, எனக்குப் பெரட்டு மாத்துனது தெரியாது" என்றான்.

"தெரியும்டா" என்றாள் அவள். "அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஆனா இன்னைக்கு ஒனக்குத் தெரியும்ல? எல்லாம் தெரிஞ்சுதானே இன்னைக்குக் கட்டுன?"



மோட்டார் சைக்கிளில் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். மூத்தவர் இறங்குமுன்பே கந்தையா முன்னால் போய்க் குனிந்து, பெரிதாக ஒன்றுமில்லை, துக்கத்தில் இருக்கிற பெண், மனம் கொஞ்சம் சரியில்லை என்று சிங்களத்தில் ஆரம்பித்தார்.

விஜயகலா இறங்கி வந்தாள். அவளுக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் படித்தது. சுற்றி வளைத்துப் பேசும் அளவுக்கு அது போதாது. உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் போதும்.

"ராலஹாமி, என் புருசனைக் கொன்ற கம்பி மேலே இருக்கிறது. இப்போதும் கரண்ட் ஓடுகிறது, தொடாதீர்கள். கட்டியவன் இவன். என் புருசனின் தம்பி. அன்றைக்குப் போஸ்டுக் கம்பியைத் தடியால் இழுத்து விழுத்தியது இந்த மனுசன். நான் இரண்டு தடவை பொய்யில் கையெழுத்து வைத்தேன். அந்த இறைச்சியை நானும் தின்றிருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதுங்கள்."

கந்தையா வாயைத் திறந்தார். பொலிஸ்காரர் அவரைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

அன்றிரவு ஸ்ரீதரனைக் கொண்டுபோனார்கள். கந்தையாவை மறுநாள் வரச் சொன்னார்கள். அழகம்மா கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக்குப் போவதாகச் சொல்லித் துணிமணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது திரும்பி மருமகளைப் பார்த்தாள். "நீ செஞ்சது சரிதான்" என்றாள். "ஒன் மொகத்துல இனி முழிக்க மாட்டேன்."

இரண்டையும் அவள் மனதாரத்தான் சொன்னாள். விஜயகலா இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

விடியக்காலை நான்கரைக்கு அவள் பீலிக்குப் போனபோது பெண்கள் வரிசையாக நின்றார்கள். யாரும் விலகவில்லை. பேச்சாயி தன் குடத்தை நகர்த்தி அவள் முன்னால் வைத்து வழியை அடைத்தாள்.

விஜயகலா அந்தக் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் வாளியைத் தண்ணீருக்குக் கீழே வைத்தாள்.